அட்டாரி சாலையில் அவள் ஓடியது

ஆரணியில் எங்கள் தெருத் தறிக்காரர்கள் ஊர் சுற்றக் கிளம்பினால் திருப்பதி, அதையும் தாண்டினால் ஏலகிரி. நானும் என் மனைவியும் ஒரு பொங்கல் விடுமுறைக்குப் பஞ்சாபுக்கே போனோம். எல்லையில் பட்டாளத்து பேண்ட் வாசிப்பதையும், வீரர்கள் காலைத் தலை உயரத்துக்குத் தூக்கி வைத்து நடப்பதையும் பார்த்தோம் என்று சொன்னபோது, எதிர்வீட்டுக்காரர், "அதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்? டிவியிலயே காட்றானே" என்றார். அவரிடம் நான் பாதிதான் சொன்னேன்.

எங்கள் ஒரே மகளுக்கு வங்கியில் வேலை கிடைத்து, எடுத்த எடுப்பிலேயே அமிர்தசரஸில் ஒரு கிளையில் போட்டுவிட்டார்கள். முதல் பொங்கலுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் வர முடியலன்னா இன்னா, நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க" என்று போனில் சொன்னாள். பொங்கலுக்கு எப்படியும் தறி நிற்கும். என் மனைவி யோசிக்கவே இல்லை. களம்பூர் மில்லில் இருந்து அரிசி வாங்கி மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். அமிர்தசரஸில் அரிசி கிடைக்காதா என்று கேட்டேன். "கெடைக்கும். நம்ம அரிசி கெடைக்குமா?" என்றாள். காட்பாடியில் ரயில் ஏறி, டில்லியில் வண்டி மாறி, அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

என் மனைவிக்குக் காது மந்தம். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வீட்டின் பின்பக்கம் ஷெட்டில் எங்களுக்கு நான்கு பவர்லூம்கள். கல்யாணமாகி வந்த வருடத்தில் இருந்து அவள் அவற்றின் நடுவில்தான் நிற்கிறாள். நான்கும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் விளங்காது. அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் காதைத் தின்றுவிட்டது. வேலூரில் டாக்டரிடம் காட்டினோம். காதில் மாட்டும் மெஷின் கொடுத்தார்கள். ஷெட்டுக்குள் அதை மாட்டினால் தலையே வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள்.

எனக்கும் அவளுக்கும் அதனால் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. ஷெட்டுக்குள் யாருமே குரல் கொடுத்துப் பேசுவதில்லை. உதட்டை அசைப்போம், கையைக் காட்டுவோம். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. விரலைச் சுற்றிக் காட்டினால் குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்துவிட்டது. கையை முட்டி மடக்கித் தன் பக்கம் இழுத்தால், தறியை ஓட்டு. எங்கள் சண்டைகளைக்கூடப் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருக்கிறோம். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

கஷ்டம் மகளுக்குத்தான். படிக்கிற பிள்ளைக்குச் சத்தம் ஆகாது என்று அவளைச் சின்ன வயதிலேயே வேலூரில் விடுதியில் சேர்த்துவிட்டோம். அவளுக்கு ஷெட்டுப் பேச்சு வரவே இல்லை. அம்மாவிடம் கத்திப் பேசுவாள். இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேறு வேலை செய்துகொண்டே பேசுவாள். என் மனைவி விளங்காததற்கெல்லாம் சிரித்துத் தலையை ஆட்டுவாள்.

அமிர்தசரஸ் போன மூன்றாம் நாளோ என்னவோ, மகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"காலைல கிச்சன்ல அம்மாகிட்ட சொன்னேன்பா. இங்க தனியா இருக்கறது பேஜாராகீது, ஆபீஸ்ல பேசற பாதி எனக்குப் புரியல, சாயங்காலம் ரூமுக்கு வந்தா அழுகையா வருதுன்னு. எல்லாத்தையும் சொன்னேன். அம்மா சிரிச்சிகினே 'சரி கண்ணு, நல்லது'ன்னு சொல்லிச்சி."

"எந்தப் பக்கம் பாத்துகினு சொன்ன?"

"பாத்திரம் கழுவிகினே சொன்னேன்."

"அப்ப அவளுக்கு உன் முதுகுதான் தெரிஞ்சிருக்கும்."

"எனக்கு அது தெரியாதாப்பா? அம்மா மூஞ்சப் பாத்து சொன்னா எனக்கு அழுகை வந்துடும்" என்றாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கிழமை லீவு. பார்டருக்குப் போலாம்பா. பேண்டெல்லாம் வாசிப்பாங்களாம். அம்மாவுக்குக் கேக்காதுதான். பாக்கவாவது பாக்கட்டும்" என்றாள்.

சனிக்கிழமை மதியம் வேனில் அட்டாரி எல்லைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் கடுகு வயல், அதன் மேல் மூடுபனி. நான் மங்கி குல்லாவும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டிருந்தேன். என் மனைவி எங்கள் தறியில் நெய்த மாம்பழ நிறப் பட்டுப் புடவை கட்டி, மேலே மகளின் குளிர்கோட்டைப் போட்டு, காலில் மகளின் ஸ்போர்ட்ஸ் ஷூவை மாட்டியிருந்தாள். எலுமிச்சை சாதம் கட்டி எடுத்து வந்திருந்தாள். பையோடு உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். சாதத்தை வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உள்ளே போனால் பெரிய மைதானம் மாதிரி படிப்படியாக இருக்கைகள். நடுவில் ஒரு தார்ச் சாலை. சாலை போய் முடிகிற இடத்தில் இரும்புக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு கதவு, இன்னொரு நாடு, அங்கேயும் இருக்கைகள், அங்கேயும் ஜனம். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேச எல்லோரும் காதோடு வாய் வைத்துப் பேசினார்கள், அப்படியும் "இன்னா? இன்னா?" என்பது போலத்தான் எல்லார் முகமும் இருந்தது. மகள் என்னிடம் ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் மனைவி மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். உதட்டை அசைத்து, "இன்னாங்க, நம்ம ஷெட்டு மாதிரியே கீது" என்றாள்.

"உனக்குக் கேக்குதா?" என்று நானும் சத்தமில்லாமல் கேட்டேன்.

"காலுக்குக் கீழ அதிருதே." பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "அங்க பாருங்க, பச்சை முக்காடு போட்ட பொண்ணு. தோள்ல கொழந்த தூங்குது. இந்தச் சத்தத்துல எப்பிடித் தூங்குது பாருங்க."

எனக்குப் பச்சையாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். அவளுக்குக் கண் அப்படி. தறியின் அந்தக் கோடியில் அறுந்த ஒற்றை இழையை இந்தக் கோடியில் நின்று பார்த்துவிடுவாள்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்ததை முன்வரிசையில் இருந்த ஒரு சர்தார் வீட்டு அம்மாள் ரொம்ப நேரமாகத் திரும்பிப் பார்த்தபடி இருந்தார். வறுத்த வேர்க்கடலையை எங்கள் இருவர் கையிலும் நிறைய அள்ளி வைத்தார். பிறகு மகளின் காதில் என்னவோ கேட்டார். மகள் முதலில் விழித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் காதில் வந்து கத்தினாள்: "உங்கம்மா அப்பா ரெண்டு பேருக்குமே பேச வராதான்னு கேக்கறாங்கப்பா!"

இல்லை என்று மகள் விளக்கினாளா, விளக்கியது அந்தச் சத்தத்தில் அவருக்கு விளங்கியதா, எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் எழுந்து வந்து என் மனைவியின் கையைப் பிடித்தார். வா என்று ஜாடை காட்டினார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் போ என்று தலையாட்டுவதற்குள் அவர் அவளைப் படிகளில் இறக்கி அழைத்துப் போய்விட்டார்.

கீழே சாலையில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன் பார்க்க வந்த பெண்களிடம் தேசியக் கொடியைக் கொடுத்து, இரும்புக் கதவு வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வரச் சொல்லுவார்களாம். காலேஜ் பெண்கள், புது மணப்பெண்கள், கை நிறைய சிவப்பு வளையல்கள். அந்த வரிசையில் மாம்பழ நிறப் புடவையும் குளிர்கோட்டுமாக என் மனைவி. "அய்யோ, அம்மாவுக்கு அவங்க சொல்றது கேக்காதே" என்று மகள் எழுந்துவிட்டாள். இறங்கிப் போகப் பார்த்தாள். வழி முழுக்கக் கூட்டம். போக முடியவில்லை.

என் மனைவியின் முறை வந்தது. ஒரு வீரர் பெரிய கொடியை அவள் கையில் கொடுத்து, ஓடு என்று ஏதோ சொன்னார். அவள் நகரவில்லை. அவர் மறுபடி சொன்னார். பின்னால் நின்ற பெண்கள் கத்தினார்கள். கூட்டமே அவளைப் பார்த்துக் கத்தியது. அவள் யாரையும் பார்க்காமல் திரும்பி, இருக்கைகளில் வரிசை வரிசையாகத் தேடினாள். என்னைத் தேடுகிறாள் என்று புரிந்து நான் இருக்கை மேலேயே ஏறி நின்றேன். குல்லாவைக் கழற்றினேன். அவள் கண் என் மேல் வந்து நின்றது.

"ஓடவா?" என்றன அவள் உதடுகள்.

நான் கையை முட்டி மடக்கி என் பக்கம் இழுத்தேன்.

அவள் ஓடினாள். ஒரு கையில் கொடி, இன்னொரு கையில் தூக்கிப் பிடித்த கொசுவம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டில் வந்தவாசி பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாலும், "அடுத்தது வரும்" என்று நிற்பவள். ஷெட்டுக்குள் நான்கு தறிகளுக்கும் நடுவே சின்னச் சின்ன அடியாக நடந்தே பாதி ஆயுசைக் கழித்தவள். கதவு வரை ஓடினாள். அங்கே நின்று மூச்சு வாங்கவில்லை, திரும்பினாள், கொடி பின்னால் விரிய இன்னும் வேகமாக ஓடி வந்தாள். கோட்டு பொத்தான் பிய்ந்து பட்டு வெளியே தெரிந்தது. ஜரிகையில் வெயில் பட்டு மின்னியது. சனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா, இரண்டும்தான்.

கொடியைத் திருப்பிக் கொடுத்தவள் மேலே வருவாள் என்று பார்த்தோம். வரவில்லை. போய் வரிசையின் கடைசியில் மறுபடி நின்றுகொண்டாள்.

ஆனால் இரண்டாவது முறை வாய்க்கவில்லை. அதற்குள் பேண்ட் வந்துவிட்டது. விடுமுறை நாள் என்பதால் அன்றைக்குப் பெரிய குழு. முன்னால் வெள்ளிப் பூண் போட்ட நீளக் கோலைச் சுழற்றியபடி ஒருவர். அவருக்குப் பின்னால் கக்கத்தில் தோல்பையை அணைத்து ஊதுகிற பைப்பர்கள், பிறகு பக்கவாட்டில் தொங்கும் சிறு மேளங்கள், நடுவில் ஆளையே மறைக்கிற ஒரு பெரிய மேளம். ஒரு கால் தரையில் படும்போது எல்லாக் கால்களும் பட்டன. பெண்களைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். என் மனைவிக்கு எட்டும் தூரத்தில் அந்தப் பெரிய மேளம் கடந்து போனது.

அவள் முதலில் கம்பித் தடுப்பைப் பிடித்தாள். பிறகு அதை விட்டுவிட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பேண்ட் கதவு வரை போய்த் திரும்பி வரும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. மேளக்காரர் அவளைக் கவனித்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது அவளுக்கு நேராகக் கோலை உயர ஓங்கி அடித்தார். அவள் பின்னுக்குப் போகாமல் முகத்தை நிமிர்த்தி நின்றாள்.

மேலே ஏறி வந்தபோது மூச்சு இரைத்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. சர்தாரம்மாள் அவளைக் கட்டிப்பிடித்து உட்கார வைத்தார். அவள் என் கையை எடுத்துத் தன் நெஞ்சுக்குழியில் வைத்தாள்.

"இங்க கேக்குதுங்க. பெரிய மோளம் அப்பிடியே இங்க கேக்குது."

பிறகு வீரர்களின் அணிவகுப்பு. சிவப்பு விசிறி வைத்த தலைப்பாகை, எல்லோரும் நெட்டை. நெற்றியைத் தொடுகிற உயரத்துக்குக் காலைத் தூக்கி, பூமி அதிர வைத்து, கதவை நோக்கிப் போனார்கள். முதலில் போன இருவர் பெண்கள். கதவின் அந்தப் பக்கத்தில் கறுப்பு உடையில் அந்த நாட்டு வீரர்களும் அதே மாதிரி வந்தார்கள். இவர் முறைக்க அவர் முறைக்க, மீசையைத் தடவ, கையை மடக்க, என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டு வூட்டு மாப்ளையும் சண்ட போட்ற மாதிரியே கீதுங்க" என்றாள். வெள்ளை உடையில் ஒருவர் கூட்டத்தைக் கை ஜாடையாலேயே கத்த வைத்தார், அடங்க வைத்தார். அவர் சொன்னது எல்லாருக்கும் முன்னால் அவளுக்குத்தான் விளங்கியது. கை தூக்கும்போதே கத்திவிடுவாள்.

வெயில் இறங்கி, கொடியை இறக்கும் நேரம் வந்தது. வெள்ளை உடைக்காரர் கையைக் கீழே தாழ்த்தினார். அவ்வளவு பெரிய கூட்டம் அடங்கிப் போனது. இரண்டு நாட்டுக் கொடிகளும் ஒன்றுக்கொன்று முந்தாமல் மெள்ள இறங்கின. எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வீரர் பியூகிள் எக்காளத்தை ஊதினார். அந்தப் பக்கமும் யாராவது ஊதினார்களா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூடுபனிக்குள் அந்த ஓசை நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது.

அவள் என் முழங்கையை இடித்தாள். ஊதுகிறவரின் உப்பிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். மேளம் மாதிரி இது உடம்புக்குள் வரவில்லை.

"எப்பிடி கீது?" என்று கேட்டாள்.

எப்படிச் சொல்வது? எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் உள்ளங்கையை விரித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பியூகிள் ஏறும்போது என் விரலை அவள் மணிக்கட்டில் இருந்து நடுவிரல் வரை இழுத்தேன். நின்றபோது அங்கேயே அழுத்திப் பிடித்தேன். இறங்கும்போது இறங்கினேன். கடைசி ஓசை கரைந்து போகும் வரைக்கும் விரலை எடுக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது மகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடி இறங்குவதை அவள் பார்க்கவே இல்லை என்று பிறகு சொன்னாள்.

கதவு சாத்தப்பட்டது. கூட்டம் கலைந்தது. சர்தாரம்மாள் எங்கள் மூவர் தலையிலும் கை வைத்துவிட்டுப் போனார். திரும்பும் வழியில் டிரைவர் ஒரு தாபாவில் நிறுத்தினார். எலுமிச்சை சாதத்தை முழுதும் சாப்பிட்டுவிட்டாராம், பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார். அடுப்புக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டிக்குக் காத்திருந்தோம். மகள் எழுந்து போய் அம்மாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு குரலே இல்லாமல், வெறும் உதட்டால், நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நான் வேறு பக்கம் பார்க்க நினைத்தேன். முடியவில்லை. அன்று சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதைத்தான் சொன்னாள்.

என் மனைவி குறுக்கே பேசாமல் கடைசி வரை பார்த்தாள். மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அன்னிக்கி கிச்சன்ல இதான் சொன்னியா?"

மகள் தலையாட்டினாள்.

"நான் இன்னா சொன்னேன்?"

"நல்லதுன்னு சொன்ன."

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நீ பதவி ஒசத்திக் குடுக்கறாங்கன்னு சொல்றேன்னு நெனச்சிகினேன்டி!" என்றாள். மகள் சிரித்தாள். அழுத மூக்கோடு அப்படிச் சிரித்ததில் ரொட்டி கொண்டுவந்த பையன் திகைத்து நின்றான். என் மனைவி என் பக்கம் திரும்பி, இந்த முறை குரல் கொடுத்தே சொன்னாள்: "டிக்கட்ட ஒண்ணு கேன்சல் பண்ணுங்க. நான் கொஞ்ச நாள் இங்க இருந்துட்டு வரேன்."

"தறி?"

"நாலையும் ஓட்டாதீங்க. ரெண்ட ஓட்டுங்க, போதும். ஆளு வேணும்னா கீழ்த்தெருல கேளுங்க."

நான் தனியாக ஊருக்கு வந்தேன். இரண்டு தறிகளை ஓட்டினேன். ஓட்டலில் சாப்பிட்டேன், சில நாள் நானே சமைத்தேன். பீரோவில் இருந்த காது மெஷினைக் கூரியரில் அனுப்பும்படி என் மனைவி வீடியோ காலில் சொன்னாள். அமிர்தசரஸில் தறி இல்லை, அங்கே மாட்டிப் பார்க்கிறேன் என்றாள். சந்தைக்குப் போகும்போது மட்டும் மாட்டுகிறாள் என்று மகள் சொன்னாள். மகளின் குரலில் தெளிவு வந்திருந்தது. ஆபீஸில் இரண்டு பெண்கள் சிநேகமாகிவிட்டார்களாம். அவர்களுக்கு என் மனைவி இட்லி செய்து அனுப்பினாளாம். களம்பூர் அரிசி தீர்ந்துவிட்டது, இன்னும் அனுப்புங்கள் என்று வேறு தகவல்.

ஒரு திங்கட்கிழமை காலை ஷெட்டில் இருந்தபோது போனில் ஒரு வீடியோ வந்தது. தறி ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் கேட்கவில்லை. அட்டாரி சாலை. இந்த முறை ஓடியது மகள். அம்மாவின் மாம்பழ நிறப் புடவையைக் கட்டியிருந்தாள், ஓடத் தெரியாமல் ஓடினாள், கொடி முகத்தில் சுற்றிக்கொண்டது, விலக்கிவிட்டு ஓடினாள். படம் ஆடியது, எடுக்கிறவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் படம் திரும்பி என் மனைவியின் முகம் மிக அருகில் வந்தது. உதடுகள் அசைந்தன.

"சாப்ட்டீங்களா?"

தறிகளின் நடுவில் நின்று, அது வீடியோ என்பதை மறந்து, ஆச்சு என்று கையைக் காட்டினேன்.